பெர்த்–லண்டன்: ஒரு கோடும் 17 மணி நேரமும்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் இங்கிலாந்தின் தலைநகரான லண்டனுக்கும் இடையேயான வான்வழித் தொலைவு 14,499 கிலோமீட்டர் என்றும், அதை இடைநிற்காமல் கடக்க ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும் என்றும் விமான அட்டவணைகள் கூறுகின்றன. இரண்டு எண்களும் அருகருகே அச்சிடப்படுவதால் ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகப் பிறப்பது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. உண்மையில் முதல் எண் பூமியின் வடிவத்திலிருந்து கணக்கிடப்படுவதாகையால் ஒருபோதும் மாறாதது. இரண்டாவது எண்ணோ காற்றின் போக்கு, எரிபொருளின் எடை, நாடுகளின் எல்லை, அவற்றிடையே மூளும் போர் ஆகிய அனைத்தும் அன்றன்று இசைந்து கொடுப்பதற்கேற்ப நீளவும் குறுகவும் செய்வது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதற்கு, பெர்த்திலிருந்து புறப்பட்டு வடமேற்கு நோக்கி அந்தக் கோட்டின் வழியாகவே பயணம் செய்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

கோடு என்பதற்கு இங்கே தனிப்பொருள் உண்டு. உருண்டையான பரப்பின் மீது இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை, அவ்விரண்டு இடங்களையும் உருண்டையின் மையத்தையும் உள்ளடக்கும் தளம் அப்பரப்பை வெட்டும் இடத்தில் அமைகிறது. இதனைப் பெருவட்டம் என்று வடிவியலார் அழைக்கின்றனர். நிலநடுக்கோடும் எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டங்களின் பகுதிகளே. தட்டையான சுவர்ப்படத்தில் பெருவட்டம் வளைந்து தெரிவதால், விமானம் ஏன் சுற்றிப் போகிறது என்ற ஐயம் பலருக்கு எழுவதுண்டு. ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். இழுபட்ட நூல் படியும் இடமே பெருவட்டம். பூமி முழு உருண்டை அல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால் (நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர்) நுட்பமான கணக்கில் சிறு திருத்தம் தேவைப்படும். பூமியில் எந்த இரண்டு இடங்களும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. பெர்த்தும் லண்டனும் அந்த எல்லையின் ஏழு பத்துப் பங்குக்கும் மேலாக விலகி நிற்கின்றன.

பெர்த் இயல்பாகவே தனித்து நிற்கும் நகரம். அதற்கு அருகிலுள்ள பெருநகரம் என்று சொல்லத்தக்க அடிலெய்டு 2,100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தன் நாட்டின் சிட்னியைவிட இந்தோனேசியாவின் ஜகார்த்தா அதற்குக் கிட்டத்தில் உள்ளது. 1962ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான் கிளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்தபோது, பெர்த் மக்கள் வீட்டு விளக்குகளையும் தெரு விளக்குகளையும் ஏற்றி வைத்து அவருக்குத் தங்கள் இருப்பைக் காட்டினர். சுற்றிலும் இருளே சூழ்ந்த பெருவெளியில் அந்த ஒளித்திட்டு தனியாகத் தெரிந்தது. இத்தகைய தனிமையிலிருந்த நகரம், ஐரோப்பாவுக்கு மிக அருகிலுள்ள ஆஸ்திரேலியப் பெருநகரம் என்ற அதே காரணத்தால், 2018ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஒரு கண்டத்தின் வாயிலாக மாறியது. அன்று மாலை 7 மணிக்குச் சற்று முன்பாக அங்கிருந்து கிளம்பிய குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 787-9 விமானம், மறுநாள் அதிகாலை 5 மணி அளவில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கியபோது, ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநிற்காமல் இணைத்த முதல் வழக்கமான பயணிகள் சேவை தொடங்கியது.

அத்தகைய விமானம் தரையிலிருந்து எழும்போது அதன் மொத்த எடை 254 டன் வரை இருக்கலாம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 100 டன், எரிபொருளாக இருக்க இடமுண்டு. சுமக்கப்படும் எரிபொருளின் ஒரு பகுதி, எஞ்சிய எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது என்பதுதான் நெடுந்தொலைவுப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல். தொலைவு இரட்டித்தால் தேவைப்படும் எரிபொருள் இரண்டு மடங்கோடு நின்றுவிடுவதில்லை. பின்பாதிக்கு வேண்டியதை முன்பாதி முழுவதும் தூக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அது இன்னும் கூடுகிறது. 787 வகை விமானத்தின் கட்டமைப்பில் எடைக்கணக்கில் பாதி கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனது என்பதும், பயணிகளின் இருக்கைகள் 236 என்ற அளவில் நிறுத்தப்பட்டதும் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடைகளே. இருக்கையைக் குறைத்துத் தொலைவை வாங்குவது என்று இதைச் சொல்லலாம்.

பெர்த்தின் விளக்குகள் பின்னால் மறைந்ததும் இந்தியப் பெருங்கடல் தொடங்குகிறது. அடுத்த 5,500 கிலோமீட்டருக்கு அதுதான். இரண்டு எஞ்சின்கள் மட்டுமே கொண்ட விமானம் இத்தனை வெறுமைக்கு மேலாகப் பறப்பதைப் பழைய விதிகள் அனுமதித்திருக்கமாட்டா. ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடியுமோ அந்த எல்லைக்குள்தான் பாதை வகுக்கப்பட வேண்டும் என்பது விதி. நெடுங்காலம் 60 நிமிடமாக இருந்த அந்த எல்லை, எஞ்சின்களின் நம்பகத்தன்மை வளர வளர 120, 180 எனப் பெருகி, 787 வகைக்கு 2014ஆம் ஆண்டு 330 நிமிடமாக உயர்ந்தது. ஆகவே, திரையில் நீல நிறமாக மட்டும் தெரியும் இந்தக் கடலின் மேல், கோகோஸ் தீவுகள், கொழும்பு, மாலே என்று அவசரத்துக்கு ஒதுங்கத்தக்க ஓடுபாதைகளின் பெயர்களை விமானிகள் ஒவ்வொரு கட்டத்திலும் மனத்தில் வைத்திருக்கின்றனர். பயணிக்கு அந்தப் பெயர்கள் தெரியாமலே இரவு கடந்துவிடுகிறது.

இதே கடலை, ஏறத்தாழ இதே கோட்டின் முதற்பகுதி வழியாக, ஒதுங்க எந்த இடமும் இல்லாமல் கடந்தவர்கள் இருந்தனர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததோடு, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த வான்தொடர்பு அறுந்தது. அதை மீண்டும் இணைப்பதற்காக, நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் கேட்டலினா வகைப் பறக்கும் படகுகள் ஐந்து கொண்டுவரப்பட்டன. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரி வரை 5,652 கிலோமீட்டர் தொலைவை அவை ஒரே மூச்சில் பறந்தன. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலேயே வேகம் கொண்ட அந்த விமானங்களுக்கு இதற்கு 27 முதல் 32 மணி நேரத்துக்கு மேலும் ஆனது. பதிவான மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். எரிபொருளுக்கு இடம் வேண்டிப் பனியுறைவைத் தடுக்கும் கருவிகள் முதற்கொண்டு தவிர்க்கக்கூடிய அனைத்தும் கழற்றப்பட்டன. அதன் பிறகு எஞ்சிய சுமைத்திறன் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே போதுமானதாக இருந்தது. எதிரி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வானொலி மௌனம் காக்கப்பட்டது. எனவே விமானத்தின் இருப்பிடத்தை விண்மீன்களைப் பார்த்தே கணிக்க வேண்டியிருந்தது. வழிகாட்டிய விண்மீன்களின் பெயர்களே விமானங்களுக்கும் சூட்டப்பட்டன: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரெஸ், ஸ்பைகா. தமிழ் வானநூல் மரபில் அவற்றில் அன்டாரெஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் இந்தச் சேவைக்கு இரட்டைச் சூரியோதயம் என்ற பெயர் நிலைத்தது. பயணம் செய்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியக் கழகம்' என்னும் சான்றிதழும் வழங்கப்பட்டது. 1943 நடுப்பகுதியிலிருந்து 1945ஆம் ஆண்டு ஜூலை வரை 271 முறை கடல் கடக்கப்பட்டது. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து கடன் குத்தகை ஒப்பந்தத்தில் பெறப்பட்டவை என்பதால், இந்த விமானங்கள் ஆஸ்திரேலியக் கடற்கரைக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டன. இத்தனை பெரிய செயலைச் செய்த பொறிகளில் ஒன்றையாவது கொக்கலையிலோ ஸ்வான் ஆற்றங்கரையிலோ நிறுத்தி வைத்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவை 28 மணி நேரம் எடுத்துக்கொண்ட அந்தத் தொலைவு இன்று 7 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது; அந்த 7 மணி நேரம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லும் பயணிகளும் உண்டு.

பெருவட்டக் கோடு, நிலநடுக்கோட்டைக் கிழக்குத் தீர்க்கரேகை 86 பாகையின் அருகே கடந்து, இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கதிர்காமம் இருக்கும் பகுதியில் முதன்முதலாக நிலத்தைத் தொடுகிறது. பெர்த் விமான நிலையத்தின் ஆயத்தொலைவுகளையும் ஹீத்ரோவின் ஆயத்தொலைவுகளையும் (அதாவது ஓர் இடத்தின் அட்ச, தீர்க்க அளவுகளை) கொண்டு கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு அதன் பிறகு வரும் இடங்கள் வியப்பளிக்கும். கோடு கண்டிக்கு அருகாகச் சென்று, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, முத்துக்கும் மரக்கல வணிகத்துக்கும் பெயர்பெற்ற கீழக்கரையை ஒட்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மதுரைக்குச் சற்றே கிழக்காக விலகி, ஒட்டன்சத்திரம், திருப்பூர்ப் பக்கமாக ஏறி, நீலகிரியின் கிழக்குச் சரிவைக் கடந்து, மைசூருக்கு மேற்கே சென்று, கார்வார் அருகே அரபிக்கடலில் இறங்குகிறது. பெர்த்திலிருந்து மதுரை 6,150 கிலோமீட்டர் அளவு. ஆகவே பயணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கே முடிந்திருக்கும். இரத்தினகிரிக்கு மேற்கே நடுக்கடலில் கோட்டின் சரிபாதி வருகிறது. விமானங்கள் இந்தக் கோட்டின் மேலேயே பறக்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; ஒவ்வொரு நாளும் காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்து வகுக்கப்படும் பாதை, கோட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிப் போகலாம். ஆயினும் ஒரு முனையில் இந்தியப் பெருங்கடலும் மறுமுனையில் தேம்ஸ் ஆறும் கொண்ட ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வைகையாற்றின் குறுக்கே படிகிறது என்னும் செய்தி, தமிழ் வாசகருக்குப் பூமியின் வடிவத்தை எந்தச் சூத்திரத்தையும்விடத் தெளிவாக உணர்த்தும்.

அரபிக்கடலுக்கு அப்பால் கோடு பலுசிஸ்தானின் மக்ரான் கரையில் ஏறி, ஈரானின் பாலைவனங்களைக் குறுக்காகக் கடந்து தெஹ்ரானின் மேலாகவும், பின்னர் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு அருகாகவும் சென்று, கருங்கடலையும் கிரீமியாவையும் தாண்டி, உக்ரைனின் ஒடெசா பகுதி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. வடிவியல் வகுத்த பாதையில் மனிதர் வகுத்த தடைகள் குவிந்து கிடக்கும் இடம் இது. ஒரு நாட்டின் நிலப்பரப்புக்கும் அதன் கரையோரக் கடற்பரப்புக்கும் மேலுள்ள வான்வெளி அந்த நாட்டின் முழு இறையாண்மைக்கு உட்பட்டது என்பதை 1944ஆம் ஆண்டு சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை உறுதிசெய்தது. எனவே கடந்து செல்ல இசைவு வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. இசைவு இருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 2014ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்றுகொண்டிருந்த மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேரும் இறந்தனர்; அவர்களில் ஆஸ்திரேலியாவைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தவர்கள் 38 பேர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு முழுவதுமாக மூடப்பட்டுள்ளது.

ஈரானின் நிலை வேறு. அது திறந்தும் மூடியும் மாறிவருவது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பகுதியில் பதற்றம் முற்றி, ஈரானின் வான்வெளியைத் தவிர்க்க வேண்டிய நிலை வந்தபோது நிகழ்ந்த மாற்றம், தொலைவுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை வேறெந்த எடுத்துக்காட்டையும்விட நன்றாகக் காட்டுகிறது. சுற்றுப்பாதை கூடுதலாகக் கேட்ட எரிபொருளைத் தாங்க இயலாமல், பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு செல்லலாயிற்று. லண்டனிலிருந்து பெர்த் திரும்பும் விமானமோ அதே நாட்களில் இடைநிற்காமலே வந்து சேர்ந்தது. அதே இரண்டு நகரங்கள், அதே வகை விமானம். ஆனால் ஒரு திசையில் முடிந்தது மறுதிசையில் முடியவில்லை.

காரணம் காற்று. இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைகளின் மேலே, 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒடுங்கிய பேராறு போல ஓடும் காற்றோட்டத்தைத் தாரைக்காற்று என்கின்றனர். அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிதன்று. 1920களில் ஜப்பானின் தத்தேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்த வசபுரோ ஓயிஷி, தம் கண்டுபிடிப்பை உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் 1926இல் வெளியிட்டார்; அதனாலேயே அது உலகின் கவனத்துக்கு எட்டாமல் போனது அறிவியல் வரலாற்றின் வருத்தமான செய்திகளில் ஒன்று. மேற்கே செல்லும் விமானத்துக்கு இது எதிர்காற்று, கிழக்கே திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. காற்றைச் சார்ந்து 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு விமானம், 100 கிலோமீட்டர் எதிர்காற்றில் தரையைச் சார்ந்து 800 வேகமும், அதே அளவு பின்காற்றில் 1,000 வேகமும் பெறும். 14,400 கிலோமீட்டருக்கு முதலாவது 18 மணி நேரம், இரண்டாவது 14 மணி 24 நிமிடம். காற்றே இல்லையென்றால் 16 மணி நேரம். போகும்போது இழந்த 2 மணி நேரம் திரும்பும்போது முழுவதுமாக மீள்வதில்லை என்பதைக் கூட்டிப் பார்ப்பவர் காணலாம். வழி முழுவதும் காற்று ஒரே அளவில் வீசுவதில்லை என்பதால் நடைமுறையில் இடைவெளி இதைவிடச் சிறியது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே செல்லும் விமானத்துக்கு இலக்கு தானாகவே எதிர்கொண்டு வர வேண்டும் என்று கருதுவோர் உண்டு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்த எண்ணம் பிழையானது.

மேற்கு நோக்கிய பயணத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது, இரவு நீள்கிறது. பெர்த்தின் கடிகாரம் லண்டனைவிடக் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் கோடையில் 7 மணி நேரமும் முந்தியிருப்பது. 2018ஆம் ஆண்டின் அந்த முதல் விமானம் பறந்துகொண்டிருந்த இரவில்தான் பிரிட்டனின் கடிகாரங்கள் கோடைக்காலத்துக்காக ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. ஏறும்போது 8 ஆக இருந்த வேறுபாடு இறங்கும்போது 7 ஆகியிருந்தது. பெர்த்தில் சூரியன் மறைந்த பின் எழுந்து, லண்டனில் சூரியன் உதிக்கும் முன் இறங்கிய அந்த விமானத்தில் இருந்தவர்கள் 17 மணி நேரத்துக்கு மேல் ஒரே இரவுக்குள் இருந்தனர். இரண்டு உதயங்களைக் கண்ட கேட்டலினாப் பயணிகளின் வழித்தோன்றல்கள் ஓர் உதயத்தைக்கூடக் காணாமல் அதே கடலைத் தாண்டினர்.

உடல் இந்தக் கணக்கை எளிதில் ஏற்பதில்லை. உறக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவற்றை நாள்தோறும் ஒழுங்குபடுத்தும் உள்கடிகாரம் உயிரணுக்களுக்குள்ளேயே இயங்குகிறது. அதன் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். பெரும்பாலோருக்கு அக்கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது என்பதால், நாளை நீட்டும் மேற்குப் பயணத்துக்கு உடல் விரைவாகவும், நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணத்துக்குத் தாமதமாகவும் பழகுகிறது. அதாவது காற்று எளிதாக்கும் திசையை உடல் கடினமாக்குகிறது. விமான அறையின் காற்றழுத்தம் மற்றொரு சுமை. பழைய விமானங்களில் அது 8,000 அடி உயரத்துக்குரிய அளவில், அதாவது உதகையைவிட உயரமான ஓர் ஊரில் இருப்பது போல வைக்கப்பட்டது. 787இல் அது 6,000 அடி, ஏறத்தாழக் குன்னூரின் உயரம். விமானத்தில் இத்தகைய வசதிகள் வந்த பிறகும், கால்களை அசைக்காமல் நெடுநேரம் அமர்வதால் குருதி உறையும் ஆபத்து நீங்கவில்லை; எழுந்து நடப்பதே இன்றுவரை அதற்கான எளிய காப்பு. விமானிகள் நால்வர் முறைவைத்து ஓய்வெடுக்கின்றனர்.

இடைநிற்காத பயணம் என்பது இந்த வழித்தடத்தில் மிக அண்மைக்காலப் புதுமை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து 29 பயணிகளுடன் புறப்பட்ட கான்ஸ்டலேஷன் விமானம், டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தங்கித் தங்கி நான்கு நாளில் லண்டனை அடைந்தது. தாவித் தாவிச் செல்வதால் அதைக் கங்காரு வழி என்றனர். அந்தப் பயணிக்குக் கல்கத்தாவின் புழுக்கமும் கெய்ரோவின் இரவும் பயணத்தின் பகுதிகளாக இருந்தன. 1989ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு புதிய 747-400 விமானம், அடர்த்தி மிக்க தனி எரிபொருளை நிரப்பிக்கொண்டு, ஓடுபாதையின் தொடக்கம் வரை இழுவண்டியால் இழுத்துச் செல்லப்பட்டு, விரல்விட்டு எண்ணத்தக்க பயணிகளோடு லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நேராகப் பறந்தது. ஓடுபாதை வரை தன் விசையில் உருண்டு செல்வதற்கான எரிபொருளையும் மிச்சப்படுத்தினால்தான் முடியும் என்ற நிலை அது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு 787-9 அதே வழியை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. இதை வழக்கமான சேவையாக்கும் நோக்கில் 2022ஆம் ஆண்டு மே மாதம் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணையிட்ட குவாண்டாஸ், அந்தத் திட்டத்துக்குச் சூரியோதயத் திட்டம் என்று பெயரிட்டது. கொக்கலை விமானங்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது.

இத்தனை திறனுக்கும் ஒரு விலை இருப்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளிப்படும். பெர்த்–லண்டன் பயணம் ஒன்றுக்கு 90 டன் என்று கொண்டால், வெளியேறும் வாயு 280 டன்னுக்கு மேல். 236 இருக்கைகளும் நிரம்பியிருந்தாலும் ஒருவர் பங்குக்கு ஒரு டன்னைத் தாண்டும். இடையில் இறங்குவது மீண்டும் மேலேறும் செலவைக் கூட்டும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு கட்டத்துக்கு மேல், எரிபொருளைச் சுமப்பதற்கான எரிபொருள் அந்தச் செலவை மிஞ்சிவிடுகிறது. மிச்சமாகும் 3 அல்லது 4 மணி நேரத்தின் மதிப்பை இந்தக் கணக்கோடு சேர்த்தே நிறுக்க வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் முதியவர் ஒருவருக்கு, நள்ளிரவில் அறியாத நிலையத்தில் வாயில் மாறி ஓடாமல் ஏறிய இருக்கையிலேயே இறங்குமிடத்தை அடைவது சிறிய நன்மை அன்று என்பதும் அந்தத் தராசில் வைக்கப்பட வேண்டியதே.

கருங்கடலுக்குப் பிறகு வரும் நிலம் விரைவாகக் கடந்துவிடுகிறது. கோடு பிராக் நகரின் மேலாகவும் கொலோன், ஆண்ட்வெர்ப் ஆகியவற்றின் அருகாகவும் சென்று வடகடலின் முனையைத் தாண்டுகிறது. இறங்கத் தொடங்கிய விமானத்தின் காதடைப்பில் பயணிகள் விழித்துக்கொள்ளும் நேரம் அது. மேற்குக் காற்று வீசும் நாட்களில் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் லண்டன் நகரின் மேலாகக் கிழக்கிலிருந்து தாழ்ந்து வருகின்றன. ஓடுபாதையைத் தொடுவதற்குச் சில கிலோமீட்டர் முன்பாக அவற்றின் கீழே ஹவுன்ஸ்லோ பகுதி வருகிறது. 1919ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று ராஸ் ஸ்மித், அவருடைய அண்ணன் கீத் ஸ்மித், இயந்திரவியலாளர்கள் ஜிம் பென்னட், வாலி ஷயர்ஸ் ஆகிய நால்வரும் மேற்கூரையற்ற விக்கர்ஸ் விமி விமானத்தில் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது அந்த ஹவுன்ஸ்லோ திடலிலிருந்துதான். 30 நாளுக்குள் சென்று சேர்பவருக்கு 10,000 பவுண்டு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. சுரபாயாவில் சேற்றில் புதைந்த சக்கரங்களை, ஊர் மக்கள் கொண்டுவந்து விரித்த மூங்கில் பாய்களின் மேல் உருட்டித்தான் அவர்களால் மீண்டும் எழும்ப முடிந்தது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியபோது 28 நாட்கள் கழிந்திருந்தன. அவற்றில் வானில் இருந்த நேரம் 135 மணி.